நான்கு வயல்களின் எடையில் ஓர் ஊரின் இழப்பீடு: பயிர்க் காப்பீட்டை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தை நடத்தும் ஒன்றிய, மாநில வேளாண்மைத் துறை அதிகாரிகள், மகசூல் மதிப்பீட்டுக்குப் பொறுப்பான புள்ளியியல் அதிகாரிகள், காப்பீட்டு நிறுவனங்கள், செயற்கைக்கோள் மகசூல் மாதிரிகளை உருவாக்கும் வல்லுநர்கள்.

சம்பா அறுவடை முடிந்து ஊர்வாரி இழப்பீட்டுப் பட்டியல் வரும்போதெல்லாம் காவிரிப் பாசனப் பகுதியில் ஒரே கேள்விதான் எழுகிறது. வாய்க்காலுக்கு அந்தக் கரையில் இருக்கும் ஊருக்குப் பணம் வந்திருக்கிறது, இந்தக் கரையில் இருக்கும் ஊருக்குப் பூஜ்யம். மழை இரண்டு கரையிலும் ஒன்றாகத்தான் பெய்தது, தண்ணீர் இரண்டு பக்கமும்தான் நின்றது. மனு கொடுத்தால் வரும் பதில், "உங்கள் ஊரின் மகசூல் உத்தரவாத மகசூலுக்கு மேல் இருந்தது, எனவே விதிப்படி இழப்பீடு இல்லை" என்பது. இந்தப் பதிலை எங்களால் ஏற்க முடியவில்லை. "உங்கள் ஊரின் மகசூல்" என்று நீங்கள் சொல்லும் அந்த எண் எவ்வளவு ஆட்டம் உடையது என்பதை எந்த ஆண்டும் எந்தத் தாளிலும் நீங்கள் சொன்னதில்லை. அதைக் கணக்குப் போட்டுக் காட்டவே இந்த மடல்.

கணக்கை முழுதாக வைத்துவிடுகிறோம், படிக்கும் விவசாயிகளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். 2016 காரிஃப் (தென்மேற்குப் பருவமழைச் சாகுபடி) பருவம் முதல் நடக்கும் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், மகசூல் இழப்பைத் தனித்தனி வயலில் அளப்பதில்லை. அறிவிக்கை செய்யப்பட்ட அலகு முழுமைக்கும் ஒரே சராசரி மகசூல்தான். நெல்லுக்கு அந்த அலகு பெரும்பாலும் வருவாய்க் கிராமம். அந்தச் சராசரி உத்தரவாத மகசூலுக்குக் கீழே போனால், குறைந்த அளவை உத்தரவாத மகசூலால் வகுத்து, காப்பீட்டுத் தொகையால் பெருக்கி, காப்பீடு செய்த அனைவருக்கும் ஒரே விகிதத்தில் இழப்பீடு. கீழே போகவில்லை என்றால், வயல் முழுவதும் அழுகிப் போனவருக்கும் இந்தக் கணக்கில் ஒன்றுமில்லை.

உத்தரவாத மகசூல் என்பது கடந்த ஏழு ஆண்டுகளில் நல்ல ஐந்து ஆண்டுகளின் சராசரியை இழப்பீட்டு நிலையால் பெருக்கி வருவது. அந்த நிலை 70, 80, 90 சதவீதம் என மூன்று. ஓர் ஊரைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். ஏழு ஆண்டு மகசூல் எக்டருக்கு 5,200, 2,100, 4,800, 5,000, 2,600, 5,100, 3,000 கிலோ. மோசமான இரண்டு ஆண்டுகள் கழிகின்றன. மூன்றாவது மோசமான 3,000 உள்ளேயே இருக்கிறது. நல்ல ஐந்தின் சராசரி 4,620. நிலை 80 சதவீதம் என்றால் உத்தரவாத மகசூல் 3,696. இந்த ஆண்டு உண்மை மகசூல் 3,300 என்று வைத்துக்கொண்டால் குறைவு 396 கிலோ, அதாவது 10.7 சதவீதம். ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 35,000 ரூபாய் என்றால் கைக்கு வருவது 3,750 ரூபாய். நல்ல ஆண்டில் 5,000 கிலோ எடுத்த ஊர் அது. மூன்றில் ஒரு பங்கு விளைச்சல் போன பிறகு கிடைப்பது காப்பீட்டுத் தொகையில் பத்தில் ஒரு பங்கு. அதே ஊருக்கு நிலை 90 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டிருந்தால் 7,222 ரூபாய், 70 சதவீதம் என்றால் பூஜ்யம்.

ஏழு ஆண்டுகளில் மூன்று முறை அடி வாங்கும் ஊருக்கு உத்தரவாத மகசூலே தேய்ந்துகொண்டு போகும் என்பதையும் இந்தக் கணக்கே சொல்கிறது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது, 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தது, 2021 சனவரியில் பருவம் தப்பிய மழை வந்தது. கடலோர, கடைமடை ஊர்களுக்கு மோசமான ஆண்டு என்பது இரண்டோடு நிற்பதில்லை. இருந்தாலும் இதை இங்கே நீட்டப் போவதில்லை. உத்தரவாத மகசூல் எப்படி இருந்தாலும், அதனோடு ஒப்பிடும் இந்த ஆண்டு மகசூல் எப்படிக் கிடைக்கிறது என்பதில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது.

அந்த மகசூலைத் தருவது பயிர் அறுவடைப் பரிசோதனை. அலகு கிராமம் என்றால் முக்கியப் பயிருக்குக் குறைந்தது நான்கு பரிசோதனை, பிர்கா (பல கிராமங்கள் சேர்ந்த குறுவட்டம்) என்றால் பத்து, வட்டம் என்றால் பதினாறு, மாவட்டம் என்றால் இருபத்து நான்கு. நெல்லுக்குப் பரிசோதனைத் திடல் பக்கத்துக்கு 5 மீட்டர், மொத்தம் 25 சதுர மீட்டர். அரை சென்ட்டைவிடச் சற்றுக் கூடுதலான இடம். நான்கு திடலையும் சேர்த்தால் ஏறத்தாழ இரண்டரை சென்ட். ஊரில் 500 ஏக்கர் சம்பா இருந்தால் அது 50,000 சென்ட். ஐம்பதாயிரத்தில் இரண்டரை சென்ட்டை அறுத்து, அடித்து, தூற்றி, நிறுத்த எடைதான் ஊரின் மகசூல். திடலில் ஒரு கிலோ என்பது எக்டருக்கு 400 கிலோ, ஏக்கருக்கு 162 கிலோ. தராசு நூறு கிராம் தவறினால் எக்டருக்கு 40 கிலோ மாறும்.

மாதிரி சிறியது என்பதே குற்றமாகிவிடாது. மாதிரிக் கணக்கெடுப்பு என்பதே கொஞ்சத்தைப் பார்த்து முழுமையை மதிப்பிடும் கலை. ஆனால் அந்த மதிப்பீட்டோடு பிழையின் அளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அந்தக் கலையின் முதல் பாடம். வயலுக்கு வயல் மகசூலின் சிதறல் சராசரியில் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தலைமடையும் கடைமடையும், மேடும் பள்ளமும் கலந்த ஊருக்கு இது அதிகப்படியான எண் இல்லை. நான்கு மாதிரியின் சராசரிக்குத் திட்டப்பிழை (உண்மையிலிருந்து அது வழக்கமாக விலகும் அளவு) அந்தச் சிதறலில் பாதி, அதாவது 15 சதவீதம். உத்தரவாத மகசூலைவிட உண்மையில் 10 சதவீதம் குறைவாக விளைந்த ஊர்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று, வெறும் மாதிரி ஆட்டத்தாலேயே, "குறைவு இல்லை" என்ற பட்டியலுக்குப் போய்விடும். உண்மையில் 10 சதவீதம் அதிகம் விளைந்த ஊர்களிலும் ஏறத்தாழ அதே பங்குக்கு இழப்பீடு கிடைத்துவிடும். யாரும் எந்தத் தவறும் செய்யாமல், கயிறும் தராசும் சரியாக இருந்து, எல்லாம் விதிப்படி நடந்தால் வரும் நிலை இது.

வெள்ள ஆண்டில் இது இன்னும் மோசம். மேலே சொன்ன ஊரில் பள்ளத்தில் இருக்கும் கால் பங்கு வயல்கள் தண்ணீர் வடியாமல் முழுவதும் அழிந்தன, மேட்டில் இருக்கும் முக்கால் பங்கில் 4,400 கிலோ விளைந்தது என்று கொள்வோம். ஊரின் உண்மைச் சராசரி 3,300. நியாயமாக ஏக்கருக்கு 3,750 ரூபாய் வர வேண்டும். இப்போது முழுக்க முழுக்கக் குலுக்கல் முறையில் நான்கு வயல்களைத் தேர்ந்தெடுப்போம். நான்கும் மேட்டு வயலாகவே அமைய 32 சதவீத வாய்ப்பு. அப்போது ஊரின் மகசூல் 4,400 என்று பதிவாகும், இழப்பீடு பூஜ்யம். ஒரே ஒரு பள்ள வயல் விழ 42 சதவீத வாய்ப்பு, அப்போது சரியான 3,750. இரண்டு பள்ள வயல்கள் விழ 21 சதவீத வாய்ப்பு, அப்போது ஏக்கருக்கு 14,167. மூன்று விழுந்தால் 24,583, அதற்கு ஏறத்தாழ 5 சதவீத வாய்ப்பு. ஒரே அளவு இழந்த நூறு ஊர்களை நிறுத்திப் பாருங்கள். முப்பத்திரண்டு ஊர்கள் வெறுங்கையோடு நிற்கும், இருபத்தாறு ஊர்கள் நியாயத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் வாங்கும். வாய்க்காலின் இரு கரையிலும் மக்கள் கேட்கும் கேள்விக்கு விடை இதுதான். லஞ்சம், சாதி, கட்சி என்று ஊர் காரணம் தேடுகிறது. அவை உண்டா இல்லையா என்பது வேறு பேச்சு. அவை எதுவுமே இல்லாவிட்டாலும் இந்த அநீதி நடக்கும் என்பதைக் கணக்கே காட்டிக் கொடுக்கிறது.

மொத்தத்தில் எல்லாம் சரிக்கட்டிவிடும் என்று காப்பீட்டு நிறுவனத்தின் கணக்காளர் சொல்வார். அவருக்கு அது உண்மை. ஆயிரக்கணக்கான ஊர்களில் கூடுதலாகக் கொடுத்ததும் கொடுக்காமல் விட்டதும் அவருடைய ஏட்டில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஒரே ஊரில் மூன்று மா (ஏறத்தாழ ஓர் ஏக்கர்) நிலம் வைத்திருப்பவருக்கு அப்படிக் கழித்துக்கொள்ள இன்னொரு ஊர் கிடையாது. காப்பீடு அவருடைய ஆபத்தைக் குறைக்க வந்தது. குலுக்கலை இழப்பின் மேல் ஏற்றி வைத்தால் அந்த ஆபத்து கூடுகிறது.

பரப்பு அடிப்படையிலான காப்பீட்டை 1976-இல் பொருளியலாளர் வி. எம். தண்டேகர் முன்மொழிந்தபோது அதற்கு வலுவான காரணம் இருந்தது. வயல் வயலாகப் போய் இழப்பை அளக்கச் செலவு கட்டாது, அளந்தாலும் சண்டை தீராது. ஒரே தன்மை உடைய பரப்பை ஓர் அலகாக எடுத்தால் இரண்டும் தீரும். "ஒரே தன்மை" என்ற நிபந்தனைதான் அந்த யோசனையின் உயிர். அலகு பெரிதாக இருந்த காலத்தில் வட்டம் முழுக்க ஒரே சராசரி என்ற குறை இருந்தது. அதைத் தீர்க்க அலகைக் கிராமம் வரை இறக்கினீர்கள், அது சரியான முடிவு. ஆனால் அலகு சுருங்கியபோது பரிசோதனை எண்ணிக்கையும் பதினாறிலிருந்து நான்காக இறங்கியது. பெரிய அலகின் பிழையை எடுத்துவிட்டுச் சிறிய மாதிரியின் பிழையை அந்த இடத்தில் வைத்திருக்கிறீர்கள்.

இதுவரை சொன்னது இரு பக்கமும் ஆடும் பிழை. ஒரே பக்கமாக, விவசாயிக்கு எதிராகவே சாயும் பிழைகளும் உண்டு. அவை அதிக மாதிரி எடுத்தாலும் போகாதவை.

முதலாவது திடலின் ஓரம். முளை அடித்துக் கயிறு கட்டும்போது பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் தளர்ந்தால் பரப்பு 25-க்குப் பதிலாக 26 சதுர மீட்டர். மகசூல் 4 சதவீதம் ஏறிவிடும். ஓரத்துத் தூர் உள்ளேயா வெளியேயா என்ற சந்தேகம் வரும்போது கை உள்ளே சேர்ப்பதுதான் வழக்கம். 1940-களில் புள்ளியியலாளர்கள் மகலனோபிஸும் சுகாத்மேவும் திடலின் அளவு குறித்து நடத்திய விவாதம் புள்ளியியல் படித்த எல்லோரும் அறிந்தது. சின்னத் திடல் மகசூலை மிகையாகக் காட்டும் என்று சுகாத்மே நிறுவினார், காரணம் இந்த ஓரம்தான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பல இடங்களில் அளவெடுத்த சட்டமோ இழுபடாத சங்கிலியோ இல்லாமல் வாழைநாரிலும் சணல் கயிற்றிலும் திடல் கட்டுவதை எப்படி நியாயப்படுத்த முடியும்?

இரண்டாவது ஈரம். சம்பா அறுவடை மழையும் பனியும் சேர்ந்த காலம். அறுத்த உடன் நெல்லில் 22 சதவீத ஈரம் இருப்பது சாதாரணம். 14 சதவீத உலர் நெல்லுக்கு மாற்ற, 78-ஐ 86-ஆல் வகுத்து வரும் 0.907-ஆல் எடையைப் பெருக்க வேண்டும். ஈரம் அளக்காமல், அல்லது எல்லா ஊருக்கும் ஒரே கழிவு போட்டு எழுதினால் என்ன ஆகும்? நம் ஊரின் 3,300 கிலோ உலர் மகசூல், பச்சை எடையில் 3,638 ஆகிவிடும். இழப்பீடு 3,750 ரூபாயிலிருந்து ஏறத்தாழ 545 ரூபாய்க்கு விழும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லைத் திருப்பி அனுப்புகிறார்கள். விற்கப் போகும்போது ஈரம் குறை, இழப்பீடு கணக்கிடும்போது மட்டும் அது விளைச்சலா? அங்கே இருக்கும் அதே ஈரமானி இங்கேயும் இருந்தால் போதும்.

மூன்றாவதுதான் மிகக் கொடியது. குலுக்கலில் வந்த புல எண்ணுக்குப் போகிறார்கள். பயிர் முழுவதும் அழுகிக் கிடக்கிறது, அறுக்க ஒன்றுமில்லை. "அறுவடை செய்யத் தக்க பயிர் இல்லை" என்று பக்கத்துப் புல எண்ணுக்கு நகர்கிறார்கள். விதைத்து, நட்டு, உரம் போட்டு, பிறகு அழிந்த வயலின் மகசூல் பூஜ்யம். அது விடுபட்ட தரவு ஆகாது. அந்தப் பூஜ்யத்தைத் தள்ளிவிட்டு மாற்று வயல் எடுத்தால், மேலே சொன்ன ஊரில் எத்தனை பரிசோதனை வைத்தாலும் 4,400-தான் வரும். நான்குக்குப் பதில் நானூறு வைத்தாலும் இழப்பீடு பூஜ்யம்தான். இதே சாய்வின் மென்மையான வடிவமும் ஒன்று உண்டு. அறுவடை இயந்திரம் கிடைத்த அன்று அறுத்துவிடுவதுதான் இன்றைய நடைமுறை, மழை மிரட்டும்போது சாய்ந்த பயிரை முதலில் அறுக்கிறார்கள். குழு வந்து சேரும்போது எஞ்சி நிற்பது பின்னால் நட்ட, சேதம் குறைந்த வயல். மாற்று வயலாக அதுவே கிடைக்கும்.

இனி செயற்கைக்கோள். 2023 காரிஃப் முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும் யெஸ்-டெக் என்ற முறையில், தொழில்நுட்பம் வழி மதிப்பிட்ட மகசூலுக்குக் குறைந்தது 30 சதவீதப் பங்கு கொடுக்க வேண்டும் என்று முடிவெடுத்தீர்கள். மனிதக் கை படாத எண் என்பதால் நம்பிக்கை கூடும் என்ற எண்ணம் புரிகிறது. ஆனால் அந்த எண்ணைத் தரும் கணினி மாதிரி எதை அளக்கிறது என்று பாருங்கள். அதில் பரவலாகப் பயன்படும் வகையில், பயிர் எவ்வளவு ஒளியை உறிஞ்சியது, அதிலிருந்து எவ்வளவு உலர்பொருள் சேர்ந்திருக்கும் என்று கணக்கிட்டு, வெப்பம், நீர் ஆகியவற்றுக்குத் திருத்தம் போட்டு, கடைசியில் "அறுவடைக் குறியீடு" என்ற ஒரு விகிதத்தால் பெருக்கி நெல் எடையைச் சொல்கிறார்கள். வைக்கோலும் நெல்லும் சேர்ந்த எடையில் நெல்லின் பங்கு அந்தக் குறியீடு. கதிர் பிடிக்கும் நேரத்தில் அடைமழை அடித்து மகரந்தம் கழுவப்பட்டால் பயிர் பச்சையாகவே நிற்கும், உள்ளே பதர். முற்றிய கதிர் சாய்ந்து தண்ணீரில் முளைத்தால் உலர்பொருள் குறைவதில்லை, நெல் மட்டும் போய்விடும். 2023 பிப்ரவரி தொடக்கத்தில் அறுவடைக்கு நின்ற சம்பா மழையில் சாய்ந்ததே, அந்த வகைச் சேதத்தை மேலிருந்து பார்க்கும் பச்சைக் கணக்கால் பிடிக்க முடியாது. குறியீட்டை மாறாத எண்ணாக வைத்திருக்கும் வரை மாதிரி நல்ல விளைச்சல் என்றே சொல்லும். சென்டினல்-2 போன்ற ஒளிவழிக் கோள்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை டெல்டாவில் மேகமே தெரியும் என்பது தனித் தொல்லை.

விளைவைக் கணக்கில் பார்ப்போம். பரிசோதனை 3,300 என்று சரியாகச் சொல்கிறது, மாதிரி 4,400 என்கிறது. 70-க்கு 30 கலந்தால் 3,630. இழப்பீடு 3,750 ரூபாயிலிருந்து 625 ரூபாய்.

30 என்ற எண்ணே எங்கிருந்து வந்தது? இரண்டு மதிப்பீடுகளைக் கலக்கும்போது எது எவ்வளவு பிழைபடுகிறதோ அதற்கு எதிர்விகிதத்தில் பங்கு கொடுப்பதுதான் முறை. பிழையின் வர்க்கத்தை வைத்து அது கணக்கிடப்படும். பரிசோதனையின் பிழை 15 சதவீதம், மாதிரியின் பிழை 23 சதவீதம் என்றால் மாதிரிக்கு 30 சதவீதப் பங்கு நியாயம். மாதிரியின் பிழை 40 சதவீதமானால் அதன் நியாயமான பங்கு 12 மட்டுமே. பஞ்சாபின் பாசனக் கோதுமைக்கும் நாகப்பட்டினத்தின் கடைமடைச் சம்பாவுக்கும், வறட்சி ஆண்டுக்கும் அறுவடைக் கால மழை ஆண்டுக்கும் ஒரே பிழை இருக்க வழியே இல்லை. அப்படியிருக்க ஒரே அடிப்பங்கை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது புள்ளியியல் முடிவாகாது, நிர்வாக வசதிக்காக எடுத்த முடிவு அது. இன்னொன்று: அந்த மாதிரிகளுக்குப் பயிற்சி கொடுப்பதும் பழைய அறுவடைப் பரிசோதனைத் தரவைக் கொண்டுதான். ஈரமும் தளர்ந்த கயிறும் தள்ளப்பட்ட பூஜ்யங்களும் அந்தத் தரவில் இருந்தால் மாதிரி அவற்றையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும்.

செயற்கைக்கோளே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அது நன்றாகப் பார்க்கும் ஒன்றை அதனிடம் கேட்காமல், பார்க்க முடியாததைக் கேட்கிறீர்கள். ரேடார் கோள்கள் மேகத்தை ஊடுருவும். பயிர் முழுவதும் மூழ்கி நீர்ப்பரப்பு மட்டும் தெரியும் வயலையும் தண்ணீரில் கால் வைத்து நிமிர்ந்து நிற்கும் வயலையும் அவற்றால் பெருமளவு பிரித்துக் காட்ட முடியும். ஒரே கோள் மறுபடி அதே இடத்துக்கு வரப் பன்னிரண்டு நாள் ஆகலாம், இடையில் வந்து வடிந்த வெள்ளம் தப்பிவிடும். எனவே தரையில் சரிபார்த்தல் வேண்டும், அதற்கு அடங்கலும் (கிராமப் பயிர்ப் பதிவேடு) கிராம நிர்வாக அலுவலரின் கள ஆய்வும் இருக்கின்றன. இப்படி ஊரின் பரப்பை அழிந்தது, தப்பியது என்று இரண்டு அடுக்காகப் பிரித்துவிட்டால், அதே நான்கு பரிசோதனைகளைத் தப்பிய அடுக்கில் வைத்து, கிடைத்த சராசரியை முக்கால் பங்குப் பரப்பால் பெருக்கினால் போதும். 4,400-இன் முக்கால் 3,300. குலுக்கலில் பள்ள வயல் விழுந்ததா இல்லையா என்ற சூதே இல்லை. அடுக்கு பிரிக்காமல் பரிசோதனையைப் பதினாறாக உயர்த்தினால்கூட நூற்றில் ஏறத்தாழ இருபது ஊர்கள் தவறாகப் பூஜ்யம் வாங்கும் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். கூடுதல் ஆளோ கூடுதல் செலவோ இல்லாமல் கிடைக்கும் திருத்தம் இது.

காப்பீட்டு நிறுவனங்களின் மறுபக்கக் குறையையும் மறைக்க விரும்பவில்லை. ஊர்க்காரர்கள் சூழ்ந்துகொண்டு மோசமான வயலுக்கே குழுவை இழுத்துப் போகிறார்கள், எடையைக் குறைத்து எழுத நெருக்குகிறார்கள் என்று நிறுவனங்கள் முறையிடுகின்றன. அப்படி நடக்கும் இடங்கள் உண்டு, அதைத் தடுக்கத்தான் வேண்டும். இரண்டு பக்க ஏமாற்றுக்கும் மருந்து ஒன்றே. எந்தப் புல எண், எந்த நாள் என்பது முன்கூட்டியேயும், என்ன எடை என்பது அங்கேயேயும் எல்லோருக்கும் தெரிந்தால், வயலை மாற்ற நிறுவனத்தாலும் முடியாது, ஊராலும் முடியாது.

ஆகவே, அடுத்த சம்பா பருவத்துக்கான அறிவிக்கை வெளியாகும் முன் கீழ்க்கண்டவற்றை எழுத்தில் ஆணையாக வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

குலுக்கலில் தேர்வான புல எண், உட்பிரிவு, வரிசைப்படி மாற்றுப் புல எண்கள் ஆகியவற்றை நடவு முடிந்து அடங்கல் பதிவானவுடன் ஊராட்சி அலுவலகத்திலும் திட்ட இணையதளத்திலும் ஒட்டுங்கள். பரிசோதனை நாளை மூன்று நாள் முன்னதாக ஊருக்கு அறிவியுங்கள். வயல் உரிமையாளரும் ஊரில் காப்பீடு செய்த இன்னொரு விவசாயியும் உடனிருந்து கையெழுத்திடுவதை, நிறுவனப் பிரதிநிதியின் கையெழுத்தைப் போலவே படிவத்தில் சேருங்கள்.

நட்ட பிறகு அழிந்த வயலுக்கு மாற்று வயல் எடுக்கக் கூடாது, பூஜ்யம் என்றே பதிய வேண்டும் என்று வெளிப்படையாக எழுதுங்கள். முன்பே அறுக்கப்பட்டதால் மாற்றப்பட்ட ஒவ்வொரு வயலுக்கும் காரணமும் ஒளிப்படமும் கட்டாயமாக்குங்கள். நான்கில் இரண்டுக்கு மேல் மாற்று வயலாக இருந்தால் அந்த ஊரின் மதிப்பீட்டை மறு ஆய்வுக்கு அனுப்புங்கள்.

ஒவ்வொரு குழுவுக்கும் மடக்கக்கூடிய 5 மீட்டர் அளவுச் சட்டம், முத்திரையிட்ட மின்னணுத் தராசு, ஈரமானி மூன்றும் கொடுங்கள். பச்சை எடை, ஈரம், உலர் எடை மூன்றையும் தனித்தனிக் கட்டங்களில் பதியச் செய்யுங்கள். உத்தரவாத மகசூலின் பழைய ஆண்டுகள் எந்த ஈரத்தில் கணக்கிடப்பட்டவை என்பதையும் வெளியிடுங்கள். இரண்டும் ஒரே அடிப்படையில் இல்லாமல் ஒப்பிடுவது செல்லாது.

ஊர்வாரி மகசூலோடு அதன் திட்டப்பிழையையும் அச்சிடுங்கள். உத்தரவாத மகசூலுக்கு மேலே ஒரு திட்டப்பிழைக்குள் வரும் எந்த ஊரையும் நேராகப் பூஜ்யப் பட்டியலில் போடாதீர்கள். அத்தகைய ஊர்களுக்கு, ஒத்த மண்ணும் ஒத்த மடையும் உடைய பக்கத்து ஊர்களின் பரிசோதனைகளையும் சேர்த்து மதிப்பிடும் முறையை வகுத்து, அந்தச் சூத்திரத்தைப் பருவம் தொடங்கும் முன்பே அறிவியுங்கள். பிறகு மாற்றாதீர்கள்.

செயற்கைக்கோள் மாதிரிக்கான 30 சதவீத அடிப்பங்கை டெல்டா மாவட்டங்களின் சம்பா, தாளடிக்கு நிறுத்திவையுங்கள். பயிற்சியில் சேர்க்காத ஊர்களில், சேர்க்காத ஆண்டுகளில் அந்த மாதிரி எவ்வளவு பிழைபட்டது என்பதை மாவட்ட வாரியாக வெளியிட்டு, அந்தப் பிழையிலிருந்து பங்கைக் கணக்கிடுங்கள். கதிர் வந்த பிறகு கனமழை பதிவான பிர்காக்களில் மாதிரியின் பங்கைச் சுழியமாக்குங்கள். அதற்கு ஈடாக, ரேடார் படங்களைக் கொண்டு அழிந்த பரப்பைப் பிரித்து அடுக்கு முறையில் பரிசோதனை நடத்துவதை வரும் பருவத்திலேயே தொடங்குங்கள். பிரித்த வரைபடத்தைப் புல எண்ணோடு ஊரில் வைத்து, ஏழு நாள் ஆட்சேபத்துக்கு இடம் கொடுங்கள்.

கடந்த பருவங்களில் பூஜ்யம் என்று அறிவிக்கப்பட்ட ஊர்களுக்கு, நான்கு பரிசோதனைகளின் தனித்தனி எடை, நாள், புல எண், மாற்று வயலா இல்லையா என்ற விவரம், மாதிரி தந்த மகசூல், கலந்த விகிதம் ஆகிய அனைத்தையும் அறுபது நாளுக்குள் வெளியிடுங்கள். அந்தத் தாளை வைத்து மேல்முறையீடு செய்ய முப்பது நாள் அவகாசம் கொடுங்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏற்காததற்கு என்ன கணக்கு என்பதை ஒவ்வொன்றாக எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறோம்.